ஓய்வுக்குப் பின் யாரோடு நடப்பது? ஓசூரின் முதல் தொழிலாளர் தலைமுறையை முன்வைத்து

ஓசூரின் தொழிற்சாலை வரலாறு ஒரு மனிதரின் வேலைக்காலத்துக்குள் அடங்கிவிடும். 1971-இல் உருவான மாநில அரசின் சிப்காட் நிறுவனம் அந்தப் பத்தாண்டிலேயே இங்கு தொழிற்பேட்டையை அமைத்தது. 1980-இல் அசோக் லேலண்ட் வந்தது. அதே ஆண்டில் டிவிஎஸ் 50 மொபெட் இங்கிருந்து சாலைக்கு இறங்கியது. டாடா குழுமமும் மாநில அரசின் டிட்கோவும் சேர்ந்து 1984-இல் தொடங்கிய டைட்டன், 1986-87 வாக்கில் இங்கே கைக்கடிகாரங்களைச் செய்யத் தொடங்கியது. பள்ளிப் படிப்பை முடித்த கையோடு இளைஞர்களைத் தேர்ந்தெடுத்துப் பயிற்சி கொடுத்து வேலைக்கு வைத்த காலம் அது. அன்று இருபது வயதில் கம்பெனி பஸ் ஏறியவர்கள் இன்று அறுபதைத் தாண்டிவிட்டார்கள், அல்லது அதன் வாசலில் நிற்கிறார்கள்.

பழைய ஊர்களில் முதுமை வீட்டுக்கு வீடு, ஆண்டுக்கு ஆண்டு கலந்து வரும். ஓசூரில் ஒரு தலைமுறையே ஏறக்குறைய ஒன்றாக ஓய்வு பெறுகிறது. இவர்களில் பலர் மதுரை, சேலம், வேலூர், நெல்லைப் பக்கங்களிலிருந்து வேலைக்காக வந்தவர்கள். இங்கேயே மனை வாங்கி, வீடு கட்டி, பிள்ளைகளைப் படிக்கவைத்தார்கள். பிள்ளைகள் நாற்பது கிலோமீட்டரில் இருக்கும் பெங்களூருக்கோ அதையும் தாண்டியோ போய்விட்டார்கள். சொந்த ஊரில் பள்ளித் தோழர்கள் இருக்கலாம். ஆனால் இடையில் நாற்பது ஆண்டுகள் ஓடிவிட்டன. பிறந்த ஊருக்கும் வாழும் ஊருக்கும் நடுவில், பேச ஆள் குறைந்த ஒரு முதுமை இவர்களுக்கு வாய்த்திருக்கிறது.

இது ஓசூரின் பிரச்சினை மட்டுமல்ல. மத்திய அரசின் தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2021-இல் வெளியிட்ட முதியோர் அறிக்கையின்படி, தமிழ்நாட்டு மக்கள்தொகையில் 60 வயதைக் கடந்தோர் 13.6 விழுக்காடு. கேரளத்துக்கு அடுத்து இந்தியாவிலேயே இதுதான் அதிகம். 2031-இல் இது 18.2 விழுக்காடாக உயரும் என்பது அந்த அறிக்கையின் கணிப்பு. உலக சுகாதார நிறுவனம் 2025 ஜூனில் வெளியிட்ட அறிக்கை, உலகில் ஆறில் ஒருவர் தனிமையால் பாதிக்கப்பட்டிருப்பதாகச் சொல்கிறது.

தனிமை என்றதும் மருந்து, மருத்துவர், முதியோர் இல்லம் என்றே பேச்சு போகிறது. இந்தக் கட்டுரை எடுத்துக்கொள்வது அதைவிடச் சின்னக் கேள்வியை. காலையில் ஏரிக்கரையில் நடக்க வேண்டும், பறவை பார்க்க வேண்டும், ராயக்கோட்டை மலைமேல் ஒருமுறை ஏறிப் பார்க்க வேண்டும் என்று ஆசைப்படும் அறுபத்திரண்டு வயதுக்காரருக்கு, உடன் வர ஆள் எங்கே கிடைக்கும்? நட்பைத் தேடிப் புறப்படுவதைவிட ஒரு நாளையும் நேரத்தையும் இடத்தையும் நிலைநிறுத்துவதே பலன் தரும், நட்பு அதன் பின்னால் வரும் என்பது என் வாதம். இந்த வட்டாரத்துக்கு அது புதிய பாடமும் இல்லை.

ஷிப்ட் கட்டிய உறவு

வேலையில் இருந்த காலத்தில் யாரும் நண்பரைத் தேடி அலையவில்லை. முதல் ஷிப்ட்டுக்கு விடியற்காலையிலேயே பஸ் நிறுத்தத்துக்கு வர வேண்டும். வந்தால் அதே நான்கு பேர் நிற்பார்கள். பஸ்ஸில் அதே இருக்கை, கேன்டீனில் அதே மேசை, அடுத்த வாரம் இரண்டாம் ஷிப்ட் என்றாலும் அதே முகங்கள். குணம் பொருந்துமா, ரசனை ஒத்துப்போகுமா என்று யாரும் கேட்டுப் பார்த்ததில்லை. பார்த்துப் பார்த்தே பழகினார்கள். ஒருவர் வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்கும் இன்னொருவர் வீட்டுத் துக்கத்துக்கும் போனார்கள். அந்த உறவைக் கட்டியது தவறாமல் நிகழ்ந்த சந்திப்பு.

ஓய்வு பெறும் நாளில் சால்வை போர்த்துகிறார்கள், படம் எடுக்கிறார்கள். மறுநாள் காலையில் பஸ் இல்லை. போன் எண்கள் இருக்கின்றன, வாட்ஸ்ஆப் குழுவும் இருக்கிறது. ஆனால் ஒவ்வொரு சந்திப்புக்கும் இப்போது யாராவது முன்கை எடுக்க வேண்டும். "என்ன சார், நாளைக்கு வாக்கிங் வர்றீங்களா?" என்று இரண்டு முறை கேட்டு, இரண்டு முறையும் மறுமுனையில் ஏதோ காரணம் வந்தால், மூன்றாம் முறை கேட்கக் கூச்சமாகிவிடும். ஷிப்ட் இருந்தவரை அந்தக் கூச்சத்துக்கு வேலையே இருக்கவில்லை. ஓய்வில் காணாமல் போவது நண்பர்களின் அன்பு அல்ல, அவர்களைக் கூட்டிவந்த நேர ஒழுங்கு. இந்த வேறுபாடு புரிந்தால் பரிகாரமும் புரிந்துவிடும்.

ஆய்வுகள் காட்டும் வழி

அமெரிக்காவின் கன்சாஸ் பல்கலைக்கழகத்தில் தகவல் தொடர்பியல் ஆய்வாளரான ஜெஃப்ரி ஹால், நட்பு உருவாக எவ்வளவு நேரம் தேவை என்று ஆராய்ந்து 2018-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். அறிமுகமான ஒருவர் சாதாரண நண்பராக ஏறக்குறைய 50 மணி நேரமும், நண்பர் என்று சொல்லிக்கொள்ள 90 மணி நேரமும், நெருங்கிய நண்பராக 200 மணி நேரத்துக்கு மேலும் சேர்ந்து செலவிட வேண்டியிருந்தது என்பது அவர் கணக்கு. அவர் ஆராய்ந்தது அண்மையில் ஊர் மாறியவர்களையும் கல்லூரிக்குப் புதிதாக வந்தவர்களையும், முதியவர்களை அல்ல. ஆகவே எண்களை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது, அளவை எடுத்துக்கொள்ளலாம். வாரத்துக்கு ஒருமுறை இரண்டு மணி நேரம் சேர்ந்து நடந்தால் 50 மணி நேரத்துக்கு ஆறு மாதம் ஆகும். 200 மணி நேரத்துக்கு இரண்டு ஆண்டு. இரண்டு வாரம் நடந்து பார்த்துவிட்டு, மனசுக்குப் பிடித்த ஆள் யாரும் அமையவில்லை என்று நிறுத்திவிடுகிறவர்கள், விதைத்த மறுநாளே அறுவடைக்கு அரிவாளோடு போகிறார்கள்.

ஹாலின் ஆய்வில் இன்னொரு நுட்பமும் உண்டு. சேர்ந்து வேலை செய்த நேரத்தைவிட, சேர்ந்து பொழுதைக் கழித்த நேரமே நெருக்கத்தைக் கூட்டியது. தொழிற்சாலை நட்பை நினைத்துப் பார்த்தால் இது பொருந்துகிறது. இரைச்சலுக்கு நடுவே இயந்திரத்தின் முன் நின்ற எட்டு மணி நேரத்தைக் காட்டிலும், பஸ்ஸில் போன முக்கால் மணி நேரமும் கேன்டீனில் உட்கார்ந்த அரை மணி நேரமுமே மனிதர்களை நெருங்கவைத்தன.

ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக உளவியலாளர் லாரா கார்ஸ்டென்சன் நீண்டகாலமாகச் சொல்லிவரும் ஒன்றையும் இங்கே சேர்த்துக்கொள்ள வேண்டும். எதிரே இருக்கும் காலம் குறைவு என்ற உணர்வு வரவர, மனிதர்கள் புது அறிமுகங்களைக் குறைத்துக்கொண்டு, தங்களுக்குப் பொருளுள்ள உறவுகளில் மட்டும் நேரத்தைச் செலவிடுகிறார்கள் என்பது அவர் கோட்பாடு. வயதானவர்கள் புதியவர்களோடு சேரத் தயங்குவதைப் பிடிவாதம் என்று சொல்வது தவறு. நேரத்தின் அருமை தெரிந்ததால் வரும் தயக்கம் அது. ஆகவே இந்த வயதில் துணை தேடுகிறவர் முதலில் பார்க்க வேண்டியது பழைய பேட்ச்சை. பத்தாண்டு பேசாமல் இருந்தாலும், ஒன்றாக அப்ரண்டிஸாக இருந்தவரோடு முதல் 50 மணி நேரத்தைப் புதிதாகக் கடக்க வேண்டியதில்லை. அவர் இதே ஊரில், இரண்டு நகர் தள்ளிக் குடியிருக்கலாம்.

தனியாக நடந்தால் போதாதா என்று கேட்கலாம். ஜப்பானில் 65 வயதுக்கு மேற்பட்ட 11,581 பேரை நான்கு ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து, கனமோரி உள்ளிட்ட ஆய்வாளர்கள் 2012-இல் வெளியிட்ட ஆய்வு இதற்குப் பதில் சொல்கிறது. தனியாக உடற்பயிற்சி செய்தவர்களைவிட, ஒரு குழுவில் சேர்ந்து செய்தவர்களுக்கு அன்றாட வேலைகளைச் செய்ய முடியாத அளவுக்கு உடல் முடங்கும் ஆபத்து குறைவாக இருந்தது. உடல்நலம் நன்றாக இருப்பவர்களே குழுவில் சேர்ந்திருக்கவும் கூடும் என்ற ஐயத்தை இத்தகைய ஆய்வுகளில் முற்றிலும் விலக்க முடியாது. ஆனாலும் பொது அனுபவம் இதே பக்கம்தான் சாய்கிறது. மழைத் தூறலிலும் மார்கழிக் குளிரிலும் தனியாள் போர்வைக்குள் இருந்துவிடுவார். முனையில் இருவர் காத்திருப்பார்கள் என்று தெரிந்தவர் எழுந்து செருப்பை மாட்டுவார்.

பஞ்சாங்கம் குறித்த நாள்

நாளை முன்கூட்டியே நிலைநிறுத்திவிட்டால் யாரும் யாரையும் அழைக்க வேண்டியதில்லை என்பதைத் தமிழ்ச் சமூகம் நெடுங்காலமாக அறிந்திருக்கிறது. திருவண்ணாமலைக் கிரிவலம் இதற்கு உயர்ந்த சான்று. பாதை 14 கிலோமீட்டர். நாள் பௌர்ணமி. பஞ்சாங்கமே நாளைச் சொல்லிவிடுவதால், யாருக்கு எப்போது வசதி என்ற பேச்சு எழுவதில்லை. கிருஷ்ணகிரியிலிருந்து மாதம் தவறாமல் போய்வரும் முதியவர்களைக் கேட்டால், சாமியைப் பற்றிச் சொன்ன பிறகு உடன் நடந்தவர்களைப் பற்றித்தான் பேசுவார்கள். செட்டிநாட்டிலிருந்து தைப்பூசத்துக்குப் பழனி நோக்கி நடக்கும் நகரத்தார் பாதயாத்திரை பல தலைமுறைகளாகத் தொடர்வதும் இப்படித்தான். நாளும் பாதையும் தங்குமிடமும் நிலையானவை. வரும் மனிதர்கள் மாறிக்கொண்டே இருந்தாலும் யாத்திரை நிற்பதில்லை.

ஓசூர் இருக்கும் கிருஷ்ணகிரி மாவட்டத்துக்கே உரிய இன்னொரு சான்றும் உண்டு. தமிழ்நாட்டில் மகளிர் சுயஉதவிக் குழுக்கள் அரசுத் திட்டமாகத் தொடங்கியது 1989 செப்டம்பரில், பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு, அன்றைய தர்மபுரி மாவட்டத்தில். கிருஷ்ணகிரி 2004 பிப்ரவரியில் தனி மாவட்டமாகப் பிரியும்வரை அதன் பகுதியாகவே இருந்தது. அன்று முப்பது வயதில் குழுவில் சேர்ந்த பெண் இன்று அறுபத்தைந்தைத் தாண்டியிருப்பார். குறித்த கிழமையில், குறித்த திண்ணையில் கூடுவது, வராதவரை மறுநாள் போய் விசாரிப்பது, கணக்கு நோட்டை எல்லோர் முன்னும் படிப்பது என்ற பழக்கம் அவருக்கு முப்பத்தைந்து ஆண்டுப் பயிற்சி. ஒரு நடைக்குழுவை நடத்த இதைவிடப் பெரிய தகுதி தேவையில்லை.

எல்லைக்கு அப்பால் பெங்களூரில் பறவை ஆர்வலர்கள் 1970-களில் தொடங்கிய மரபும் இதே அடிப்படையில் நிற்கிறது. மாதத்தின் இரண்டாவது ஞாயிறு காலை, லால்பாக் தோட்டம் என்று அவர்கள் வைத்துக்கொண்ட வழக்கம் பல பத்தாண்டுகளாக நீடிக்கிறது. ஓய்வு பெற்ற விஞ்ஞானியும் கல்லூரி மாணவரும் ஒரே தொலைநோக்கியை மாற்றி மாற்றிப் பார்க்க அது இடம் கொடுத்தது. தமிழ்நாடு அரசு 2023 நவம்பர் 4 அன்று தொடங்கிய 'நடப்போம் நலம் பெறுவோம்' திட்டத்திலும் இந்த அறிவு இருக்கிறது. மாவட்டத்துக்கு ஒரு எட்டு கிலோமீட்டர் நடைபாதை. மாதத்தின் முதல் ஞாயிறு அங்கே கூடுவது, மருத்துவ முகாம் நடத்துவது என்ற ஏற்பாடு. பாதையை அரசு குறித்துவிட்டது. அதில் யாரோடு நடப்பது என்பதை ஊர்தான் முடிவுசெய்ய வேண்டும்.

சேர்ந்து பார்க்க ஒரு பொருள்

நாளும் இடமும் மனிதர்களைக் கூட்டும். கூடியவர்கள் கலையாமல் இருக்க, அவர்கள் கவனம் தங்களைத் தாண்டி வெளியே போக வேண்டும். ஆஸ்திரேலியாவில் 1990-களில் தோன்றிய ஆண்களுக்கான பட்டறைக் குழுக்கள் இதை உணர்ந்து செயல்பட்டன. முகத்துக்கு முகம் உட்கார்ந்து மனத்தைத் திறக்கச் சொன்னால் வாய் திறக்காத ஆண்கள், பக்கத்துப் பக்கத்தில் நின்று ஒரு மேசையைச் செப்பனிடும்போது மனைவியின் மரணத்தைப் பற்றிக்கூடப் பேசினார்கள். கையில் வேலை இருந்தால் பேச்சு தானாக வரும். முப்பது ஆண்டு இயந்திரத்தோடு வாழ்ந்த ஓசூர்க்காரருக்கும் இது பொருந்தும். வெறுமனே நடக்கும் குழுவில் பேச்சு சில மாதங்களில் சர்க்கரை அளவுக்கும் அரசியல் சண்டைக்கும் சுருங்கிவிடுகிறது. பார்க்க ஒரு பொருள் இருக்கும் குழுவுக்கு ஒவ்வொரு வாரமும் புதிய சேதி கிடைக்கிறது.

இந்த வட்டாரத்தில் அப்படி இரண்டு பொருள்கள் கொட்டிக் கிடக்கின்றன. முதலாவது பறவை. நந்தி மலையில் பிறந்து பெங்களூரின் ஓரமாக வரும் தென்பெண்ணை, தமிழ்நாட்டுக்குள் நுழைந்ததும் கெலவரப்பள்ளி அணையில் நிற்கிறது. கீழே கிருஷ்ணகிரி அணையில் மீண்டும் நிற்கிறது. இவற்றோடு நகருக்குள்ளேயே ராமநாயக்கன் ஏரி, சுற்றிலும் எத்தனையோ கிராமத்து ஏரிகள். கூழைக்கடா, நத்தைகுத்தி நாரை, அரிவாள் மூக்கன், நீர்க்காகம், முக்குளிப்பான் என்று ஒரு காலைக்குள் இருபது முப்பது வகையைப் பார்க்க ஆரம்பநிலைக்காரராலும் முடியும். குளிர்காலத்தில் வாலாட்டிகள் வடக்கிலிருந்து வந்து வரப்பில் இறங்கும். கெலவரப்பள்ளியில் தண்ணீர் நுரைத்து வழிவதை நாளிதழ்ப் படங்களில் எல்லோரும் பார்த்திருக்கிறோம். மேலே இருக்கும் பெருநகரின் கழிவு அது. வாராவாரம் ஒரே கரையில் நிற்கும் குழு, எந்தப் பறவை வருவதை நிறுத்தியது, எந்த மாதம் நுரை கூடியது என்பதைத் தேதியோடு சொல்லக்கூடிய சாட்சியாக மாறும்.

அந்தச் சாட்சியத்துக்கு மதிப்பு உண்டு. தமிழ்நாட்டுப் பறவை ஆர்வலர்கள் 2015 முதல் பொங்கலையொட்டிய நாட்களில் 'பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு' நடத்துகிறார்கள். ஓரிடத்தில் குறைந்தது பதினைந்து நிமிடம் நின்று, கண்டதையும் கேட்டதையும் எண்ணி, இ-பேர்ட் இணையதளத்தில் பதிந்தால் போதும். இப்படிச் சாதாரண மக்கள் பதிந்த குறிப்புகளே 2023-இல் வெளியான 'இந்தியப் பறவைகளின் நிலை' அறிக்கைக்கு அடித்தளம். 30,000-க்கும் மேற்பட்ட பறவை நோக்குவோரின் ஏறத்தாழ மூன்று கோடிப் பதிவுகளைக் கொண்டு 942 வகைப் பறவைகளின் நிலை அதில் மதிப்பிடப்பட்டது. தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் மைக்ரோமீட்டரைப் பிடித்த கைக்கு, எண்ணிக் குறித்துவைப்பது இரத்தத்தில் ஊறிய வேலை. தொடங்குகிறவருக்குத் தமிழிலேயே கையேடு இருக்கிறது: ப. ஜெகநாதனும் ஆசையும் எழுதி, க்ரியா 2013-இல் வெளியிட்ட 'பறவைகள்: அறிமுகக் கையேடு'.

இரண்டாவது பொருள் கல். தமிழ்நாட்டில் நடுகற்கள் மிகுந்த பகுதி பழைய தர்மபுரி மாவட்டம். மல்லச்சந்திரத்தில் பெருங்கற்காலக் கல்திட்டைகள் மலைமேல் வரிசையாக நிற்கின்றன. பர்கூர் பக்கம் மயிலாடும்பாறையில் நடந்த அகழாய்வில் கிடைத்த சான்றுகள், தமிழ்நாட்டில் இரும்பின் பயன்பாட்டை கி.மு. 2172 வரை பின்னுக்குக் கொண்டுபோயின. 2022 மே மாதம் சட்டமன்றத்தில் முதலமைச்சர் இதை அறிவித்தார். பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் போசள மன்னன் வீர ராமநாதன் தலைநகராக வைத்திருந்த குந்தாணி, இன்றைய சின்னக்கொத்தூர்ப் பக்கம் இருக்கிறது. ராயக்கோட்டையும் கிருஷ்ணகிரிக் கோட்டையும் திப்பு காலத்துப் போர்களைக் கண்டவை. 1792 ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கைக்குப் பிறகு பாராமகால் என்று அழைக்கப்பட்ட இந்தப் பகுதி கிழக்கிந்தியக் கும்பெனியார் கைக்குப் போனது.

இந்த வரலாற்றைத் தேடி நடக்கும் குழுக்கள் இங்கே ஏற்கெனவே உண்டு. கிருஷ்ணகிரி மாவட்ட வரலாற்று ஆய்வு மற்றும் ஆவணப்படுத்தும் குழு, கிருஷ்ணகிரி அரசு அருங்காட்சியகத்தோடு சேர்ந்து பாறை ஓவியங்களையும் கல்வெட்டுகளையும் களத்தில் தேடிப் பதிவுசெய்து வருகிறது. முதியவருக்கு இது ஏற்ற பொழுது. வேகம் தேவையில்லை, பொறுமை வேண்டும். "எங்க நிலத்து ஓரத்துல ஒரு சாமிக்கல்லு கெடக்குதுங்க" என்று ஒரு விவசாயி சொல்லும் தகவலைக் கேட்டு வாங்க நரைமுடிக்கு இருக்கும் நம்பிக்கை இளைஞருக்கு எளிதில் கிடைக்காது. எழுத்துகள் தமிழிலும் கன்னடத்திலும் தெலுங்கிலும் இருப்பதால், மூன்று மொழிக்காரர்கள் சேர்ந்த குழுவாலேயே இந்த எல்லைப் பகுதியை முழுமையாகப் படிக்க முடியும்.

காட்டில் துணை கட்டாயம்

ஓசூர் வனக்கோட்டம் ஏரிக்கரையைப் போன்றதல்ல. காவிரி வடக்கு வனவிலங்குச் சரணாலயம் 2014-இல் 504.33 சதுர கிலோமீட்டரில் அறிவிக்கப்பட்டது. 2022 நவம்பரில் 686.4 சதுர கிலோமீட்டரில் காவிரி தெற்குச் சரணாலயமும் சேர்ந்தது. கேழ்வரகு முற்றி அறுவடையாகும் மாதங்களில், பன்னேர்கட்டா காட்டிலிருந்து யானைக் கூட்டங்கள் ஜவளகிரி, தளி வழியாக இறங்கி சானமாவு வரை வருகின்றன. நகரிலிருந்து சில கிலோமீட்டரில் இருக்கும் காடு அது. அந்த மாதங்களில் இருட்டு விலகும் முன் காட்டோரச் சாலையில் தனியாக நடப்பது உயிரோடு விளையாடுவது. நடையை வெயில் ஏறியபின் வைத்துக்கொள்வதும், வனத்துறையின் அன்றைய எச்சரிக்கையைக் கேட்டுவிட்டுப் புறப்படுவதும், சந்தேகம் இருந்தால் நகருக்குள் இருக்கும் ஏரிக்குத் திரும்பிவிடுவதும் குழுவின் விதியாக இருக்க வேண்டும்.

இந்த வனக்கோட்டத்தின் மேலகிரிக் காடுகளை உலகுக்கு எழுதிக்காட்டிய கென்னத் ஆண்டர்சன் (1910-1974) பெங்களூர் விமானத் தொழிற்சாலையில் வேலை பார்த்தபடியே இங்கே அலைந்தவர். ஜவளகிரி, அஞ்செட்டி என்று அவர் எழுதிய இடங்கள் எல்லாம் நம் பக்கத்துக் காடுகள். அவரே காட்டைத் தனியாக அறியவில்லை. பைரா என்ற பழங்குடி மனிதர் பல ஆண்டுகள் அவருக்கு வழித்துணை. அந்த எழுத்தாளரின் பெயரைத் தாங்கிய கென்னத் ஆண்டர்சன் நேச்சர் சொசைட்டி, ஓசூரிலிருந்து மேலகிரிக் காட்டுயிர்களுக்காக இயங்கி வருகிறது.

2018 மார்ச் 11 அன்று தேனி குரங்கணியில் காட்டுத்தீயில் மலையேற்றக்காரர்கள் 23 பேர் உயிரிழந்த பிறகு, தமிழ்நாட்டில் மலையேற்றத்துக்குத் தனி விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் அரசு தொடங்கிய 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டத்தில் 40 பாதைகள் உள்ளன. கடினத்தைப் பொறுத்து எளிது, நடுத்தரம், கடினம் என்று பிரித்திருக்கிறார்கள். உள்ளூர் மக்களையே பயிற்சி கொடுத்து வழிகாட்டிகளாக அமர்த்தியிருக்கிறார்கள். அய்யூர், சாமி ஏரிப் பாதையும் குத்திராயன் சிகரமும் நம் மாவட்டத்தில் இருப்பவை. வாரம் ஒரு ஏரி, ஆண்டுக்கு ஒரு மலை என்று குழு திட்டமிட்டால், அந்த ஒரு மலைக்காக ஆண்டு முழுவதும் கால்கள் தயாராகும். மருத்துவரிடம் கேட்டுவிட்டு ஏறுவதும், சாப்பிடும் மாத்திரைகளையும் வீட்டு எண்ணையும் எழுதிய சீட்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொள்வதும், குழுவின் வேகத்தை மெதுவாக நடப்பவரே முடிவுசெய்வதும் மீறக் கூடாத மூன்று ஒழுக்கங்கள்.

யார் விடுபடுகிறார்கள்

இதுவரை சொன்னதில் ஓய்வு பெற்ற ஆணின் காலைப்பொழுதே மையமாக இருந்தது. பெண்ணுக்கு அந்தக் காலை கிடையாது. 2019-ஆம் ஆண்டு தேசிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, ஊதியமில்லா வீட்டு வேலைகளில் ஈடுபடும் பெண்கள் அதற்கு ஒரு நாளில் 299 நிமிடம் செலவிடுகிறார்கள்; ஆண்கள் 97 நிமிடம். கணவர் ஓய்வு பெறுகிறார். மனைவி ஓய்வு பெறுவதில்லை. பேரப்பிள்ளை வந்துவிட்டால் அவருடைய வேலை கூடுகிறது. ஆறு மணிக்கு ஏரிக்கரை என்று நிர்ணயிக்கும் குழு, கேட்காமலேயே பெண்களை விலக்கிவிடுகிறது. மாலை நான்கரைக்கு ஒரு நடை வைத்துப் பாருங்கள். கடைசி வீடுவரை சேர்ந்து திரும்புவது என்று வைத்துக்கொள்ளுங்கள். காபியை வாரம் ஒருநாள் தானே போட்டுக் குடித்துவிட்டு, "நீ போயிட்டு வா" என்று சொல்லும் கணவர், எந்த அரசுத் திட்டத்தையும்விடப் பெரிய உதவி செய்கிறார்.

பணமும் ஆளைத் தடுக்கும். தொழிலாளர் ஓய்வூதியத் திட்டத்தில் குறைந்தபட்ச ஓய்வூதியம் 2014 செப்டம்பர் முதல் மாதம் 1,000 ரூபாய். நிரந்தரத் தொழிலாளராக இருந்து ஓய்வு பெற்றவருக்கே சில ஆயிரங்கள்தான் வரும். காண்ட்ராக்ட் தொழிலாளியாகவே காலம் கழித்தவர் அறுபதுக்குப் பிறகும் செக்யூரிட்டி வேலைக்குப் போகிறார். விலையுயர்ந்த ஷூவும் கேமராவும் இருந்தால்தான் சேரலாம் என்ற தோற்றம் வந்துவிட்டால், குழு வசதிபடைத்தவர்களின் மன்றமாகிவிடும். இரண்டு தொலைநோக்கிகளைப் பொதுவில் வாங்கி மாற்றிப் பார்ப்பதும், டவுன் பஸ் போகும் இடங்களாகத் தேர்ந்தெடுப்பதும் இதைத் தவிர்க்கும்.

மூன்றாவது தடை பதவி. மேலாளராக இருந்தவரும் ஆபரேட்டராக இருந்தவரும் ஓய்வுக்குப் பின் ஒரே கரையில் நிற்கும்போது, பழைய மேசைகள் கூடவே வந்துவிடுகின்றன. பறவையும் கல்லும் இங்கே பெரிய உபகாரம் செய்கின்றன. கிராமத்தில் வளர்ந்த ஆபரேட்டர் குரலை வைத்தே செண்பகத்தையும் ஆள்காட்டியையும் சொல்லிவிடுவார். மேலாளர் அவரிடம் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கும். யார் அறிந்தவர் என்பது புதிதாக நிர்ணயமாகும் இடத்தில், சமமான நட்பு பிறக்க வழி திறக்கிறது.

செய்யக்கூடியது

தனிமனிதரிடம் கேட்பது ஒன்றே. ஒரு கிழமை, ஒரு மணி, ஒரு கரை என்று முடிவுசெய்யுங்கள். யார் வந்தாலும் வராவிட்டாலும் ஆறு மாதம் அங்கே இருங்கள். வருகிறீர்களா என்று கேட்பதை விட்டுவிட்டு, இந்த நேரத்தில் இங்கே இருப்பேன் என்று சொல்லுங்கள். ஐந்து பேர் சேர்ந்துவிட்டால், தொடங்கவும் நடத்தவும் இரண்டு பேர் பொறுப்பு ஏற்க வேண்டும். ஒருவரையே நம்பிய குழு, அவர் மகன் வீட்டுக்குப் போகும் மாதத்தில் கலைந்துவிடும்.

நிறுவனங்களுக்கும் கடமை இருக்கிறது. நாற்பது ஆண்டுகள் இந்த மனிதர்களின் நேரத்தை ஒழுங்குசெய்தவை அவை. ஓய்வுக்கு முந்தைய ஆண்டில் பி.எஃப்., ஓய்வூதியம் பற்றி வகுப்பு எடுப்பதோடு நில்லாமல், ஏற்கெனவே ஓய்வு பெற்றவர்கள் நடத்தும் குழுக்களுக்கு அவர்களை அறிமுகப்படுத்த வேண்டும். மாதத்தில் ஒரு ஞாயிறு, சும்மா நிற்கும் கம்பெனி பஸ் ஒன்றை அய்யூருக்கோ மல்லச்சந்திரத்துக்கோ அனுப்புவது எந்த நிறுவனத்துக்கும் பெரிய செலவு அல்ல. 2019-இல் மாநகராட்சியான ஓசூர், ஏரிகளைச் சீரமைக்கும்போது கரையில் நிழலும் இருக்கையும் கழிப்பறையும் வைக்க வேண்டும். கழிப்பறை இல்லாத நடைபாதைக்குச் சர்க்கரை நோயாளிகளும் வயதான பெண்களும் வர மாட்டார்கள். தென்பெண்ணை நீரைத் தூய்மைப்படுத்த இரண்டு மாநிலங்களும் பேச வேண்டியிருப்பதும் இதே கோரிக்கையின் பகுதிதான்.

ஓசூரின் முதல் தொழிலாளர் தலைமுறை, ஒரு சிற்றூரை மாநகராட்சியாக வளர்த்தது. வந்து சேர்ந்தபோது அவர்களுக்கு இங்கே யாரையும் தெரியாது. சேர்ந்து உழைத்தே ஒருவரையொருவர் அறிந்தார்கள். அறிமுகமில்லாதவர்களோடு ஒரு வாழ்க்கையைக் கட்ட முடியும் என்று ஒருமுறை செய்துகாட்டியவர்கள் அதை இரண்டாம் முறையும் செய்ய முடியும். இந்த முறை நேரத்தை நிர்ணயிக்க வேண்டியவர்கள் அவர்கள்தான். அந்த உரிமையை இந்தக் குளிர்காலத்திலேயே எடுத்துக்கொள்ளட்டும்.